வடக்கிலிருந்து வெயில்

எங்கள் கட்டடத்தில் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
ஏற இருபது டெட்ரி, இறங்குவது சும்மா.
பெட்டி நிறைந்ததும் சாவியோடு சயீரா வருவாள்,
மடியில் கொட்டி எண்ணுவாள்:
சில்லறை, சட்டைப் பொத்தான்,
ஒருமுறை ஒரு பல்.
யாருடையது என்று ஒன்பது மாடியும் ஏறிக் கேட்டாள்,
காசு போட்டுத்தான்.

அவள் எண்ணிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை
பின்பக்கச் சரிவில் தகர வேலி வந்தது.
வேலியில் அச்சடித்த படம்:
மரங்கள், சைக்கிளில் ஒருத்தி,
பலூனை விட்டுவிட்டும் அழாத குழந்தை.
எங்கள் கட்டடம் நிற்க வேண்டிய இடத்தில்
புல்வெளி போட்டிருந்தார்கள்.

கையெழுத்து வாங்கினோம். தொண்ணூற்று மூன்று.
நூக்ஸார் இரண்டு போட்டான்,
செத்துப்போன அண்ணனுக்கும் சேர்த்து.
திபிலிசி நகராட்சியில் ஒரு பெண்
முத்திரை குத்தி வாங்கிக்கொண்டாள்.
சத்தம் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு கிரேன்.
எனக்கு மருந்துக்கடையில் இரவு வேலை.
பகலில் தூங்க வேண்டியவள்
தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு
அவர்கள் எழுப்பிய மாடிகளை எண்ணினேன்.
ஐந்தாவதில் சாலை போனது.
ஏழாவதில், மெட்ரோ வாசல் பூக்காரர்களின் குடைகள்.
எட்டாவது என் மாடி:
ஒரு வெல்டர் எனக்கு நேரெதிரே நின்று
முகமூடியைத் தூக்கிவிட்டு ரொட்டி தின்றான்.
தலையசைத்தேன். அசைத்தான்.
மறுவாரம் அவன் ஒரு மாடி மேலே.
பதினான்காவதில் மலை போனது.

அக்டோபரில் கண்ணாடி மாட்டினார்கள்.
அன்றைக்குத்தான் எங்கள் கட்டடத்தின் முதுகை
நாங்கள் பார்த்தோம்,
இருபத்தாறு வருஷம் குடியிருந்த பிறகு.

நூக்ஸார் பால்கனியை இரும்புக்கால் கொடுத்து நீட்டி
அறையாக்கியது எல்லாருக்கும் தெரியும்.
அது இவ்வளவு சாய்ந்திருக்கிறதென்று
அவனுக்கே தெரியாது.
சனிக்கிழமையே முட்டுக் கொடுத்தான்,
கையோடு பச்சை பெயின்டும்.
சயீரா ஜன்னலடியில் புறப்பட்ட ஒரு விரிசல்
மூன்று மாடி இறங்கி
யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல் நின்றிருந்தது.
எட்டாவதில், கொடியில் மூன்று வெள்ளைக் கோட்டுகள்.
யார் இவள், மழை வருகிறது, எடுக்காமல் என்று
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நவம்பர் ஏழோ எட்டோ.
சூப்புக்குக் கேரட் நறுக்கும்போது
பலகையில் என் கையின் நிழல்.
வடக்குப் பார்த்த அடுப்படி இது,
பகலில் இங்கே கைக்கு நிழல் கிடையாது.
கத்தியை வைத்துவிட்டு
விரல்களை விரித்து விரித்துப் பார்த்தேன்.
பதினொரு நிமிடம்.
மறுநாளும்.

எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட கையாலேயே
கொத்தமல்லித் தொட்டியை அந்தப் பக்கம் நகர்த்தினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
லிஃப்டில் நூக்ஸார் மெதுவாகக் கேட்டான்:
"உன் வீட்டிலும் வருதா?"
"எது?"
"சரி, விடு."
அவன் நகக்கண்ணில் மண் இருந்தது.
காசை நானே போட்டேன், இருவருக்கும்.

இப்போது அங்கே ஆட்கள் வந்துவிட்டார்கள்.
பதினாறாவதில் ஏசி தொங்கவிட்டார்கள்: ஒன்பது நிமிடம்.
அதற்கும் மேலே ஒரு வங்கி பேனர் கட்டியது: நாலு.
இதற்கு எந்த ஆபீசில் போய்
என்னவென்று எழுதிக் கொடுப்பது?

நேற்று யாரோ பதினேழாவதில் ஜன்னலைத் திறந்தார்கள்.
என் அடுப்பின் மேலிருந்த வெயில்
எகிறி, கூரையில் ஓடி,
ஃபிரிட்ஜின் பின்னால், நான் துடைக்காத இடத்தில்
போய் விழுந்தது.
எதிரே ஒரு கை கம்பளத்தை உதறிக்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்.
உதறி, மடித்து, ஜன்னலைச் சாத்தியதும்
வெயில் திரும்பி வந்தது,
தொட்டிக்கு நாலு விரல் தள்ளி.

ஜன்னலை இவர்கள் சரியாகச் சாத்துவதில்லை.
தொட்டியை நகர்த்தி வைத்தேன்.